'மெய்' என்னும் ஒரு சொல்லும் கோள்நிலைக் கணிப்பும்

1. முன்னுரை

கோள்களின் நிலையைக் கணிக்கும் பணி நெடுங்காலம் கணியர்களின் நினைவாற்றலையும் பலகறை எண்ணிக்கையையும் சார்ந்து நடைபெற்று வந்தது. இன்று அப்பணியைக் கணிப்பொறி நிரல்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. பஞ்சாங்கம் அச்சிடுவோர், சாதகம் கணிப்போர், கல்வெட்டுகளின் காலத்தை ஆராய்வோர், வானியல் பயில்வோர் ஆகிய பலரும் ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் நூலகங்களையே பயன்படுத்துகின்றனர். இந்நூலகங்களின் எண்களில் ஐயப்பட இடம் மிகக் குறைவு. ஆயினும் ஒரே நூலகத்தைக் கொண்டு, ஒரே நாளுக்குக் கணித்த இருவர் வெவ்வேறு விடைகளைப் பெறுவது உண்டு. அத்தகைய இடங்களை நுணுகி நோக்கின், பிழை கணக்கில் இல்லை என்பதும், நூலகத்திடம் கேட்கப்பட்ட வினாவே வேறுபட்டிருந்தது என்பதும் புலப்படும். வினா வேறுபடுவதற்குப் பல நேரங்களில் ஒரு சொல்லின் பொருள் மயக்கமே காரணமாகும்.

இக்கட்டுரை, கோள்நிலைக் கணிப்பு நூலகம் செயற்படும் முறையைச் சுருக்கமாக விளக்கி, அதன் கலைச்சொற்களைத் தமிழில் பெயர்க்குங்கால் எழும் பொருட்சிக்கல்களை ஆராய்கிறது. சொல் மயங்கினால் விடை எவ்வளவு மாறும் என்பதை இத்துறையில் விகலைக் கணக்கில் அளந்து காட்ட இயலும். கலைச்சொல்லாக்க ஆய்வில் இத்தகைய வாய்ப்பு அரிதாகவே அமைகிறது.

2. நிரல் நூலகம் செயற்படும் முறை

கணிப்பொறித் துறையில் 'நூலகம்' என்பது, வேறு நிரல்கள் வேண்டியபோது அழைத்துப் பயன்படுத்தத்தக்க துணைநிரல்களின் தொகுதியைக் குறிக்கும். சோதிடம், பஞ்சாங்கம் ஆகிய பணிகளுக்குப் பெரிதும் பயன்படுவது, ஸூரிச் நகரைச் சார்ந்த ஆஸ்ட்ரோடீன்ஸ்ட் நிறுவனம் 1997இல் வெளியிட்ட 'சுவிஸ் எபிமெரிஸ்' ஆகும். தீட்டர் கோக், அலோயிஸ் ட்ரைண்டில் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் வெளியிடும் கோள்நிலைத் தரவுகளே இதற்கு அடிப்படை. அவ்வாய்வகம் 2013இல் உருவாக்கிய டிஇ 431 என்னும் தரவுத்தொகுதி, கி.மு. 13201 முதல் கி.பி. 17191 வரையிலான காலத்தைத் தழுவுகிறது. சுவிஸ் எபிமெரிஸ் இதனைச் சிறு கோப்புகளாகச் சுருக்கி, மூலத்தினின்றும் 0.001 விகலை அளவே வேறுபடும் விடைகளை அளிக்கிறது.

பயனர் ஒரு கோளின் நிலையைக் கேட்குங்கால் நூலகம் பின்வரும் படிகளைக் கடக்கிறது.

(அ) நாட்காட்டி நாளும் நேரமும் ஜூலியன் நாள் எண்ணாக மாற்றப்படும்.
(ஆ) புவியின் சுழற்சியைச் சார்ந்த உலகப் பொது நேரம், சீராக ஓடும் இயக்கவியல் நேரமாக மாற்றப்படும்.
(இ) அந்நேரத்திற்குரிய கோளின் நிலையும் புவியின் நிலையும் தரவுக் கோப்பிலிருந்து பெறப்படும். கோப்பில் செபிஷெவ் பல்லுறுப்புக் கோவைகளின் கெழுக்களே சேமிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கொண்டு வேண்டிய கணத்திற்குரிய நிலை கணிக்கப்படும்.
(ஈ) கோளினின்றும் ஒளி புவியை வந்தடையும் காலத்திற்குத் திருத்தம் செய்யப்படும்.
(உ) புவியின் இயக்கத்தால் விளையும் ஒளிப்பிறழ்ச்சி முதலியன சேர்க்கப்படும்.
(ஊ) புவியச்சின் நெடுங்காலத் திசைமாற்றமும் குறுங்கால அலைவும் சேர்க்கப்படும்.
(எ) நிராயன முறை வேண்டப்படின் அயனாம்சம் கழிக்கப்படும்.

இப்படிகளுள் பலவற்றைக் குறிப்பான்கள் வழியாகப் பயனர் நிறுத்தவோ மாற்றவோ இயலும். குறிப்பான் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லடிப் பெயர் ஒன்று உண்டு. பயனர் குறிப்பானைத் தேர்வது அப்பெயரின் பொருளை நோக்கியே ஆதலின், பெயரை உணர்ந்த முறையே விடையை முடிவு செய்கிறது. பயனர் ஒன்றையும் குறிப்பிடாவிடினும் நூலகம் விடையளிக்கும். அவ்விடத்து எவ்வகை நிலை அளிக்கப்படுகிறது என்பதை விளக்க ஏட்டின் சொற்களிலிருந்தே அறிதல் வேண்டும்.

தரவுக் கோப்பு கிடைக்காதபோது சுவிஸ் எபிமெரிஸ் மோஷியர் என்பார் ஆக்கிய சூத்திரங்களைக் கொண்டு கணிப்பைத் தொடரும் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அவ்விடை நிலவுக்குச் சில விகலை வேறுபடலாம். எத்தரவைக் கொண்டு கணித்தது என்பதை நூலகம் விடையோடு சேர்த்தே அறிவிக்கிறது. அவ்வறிவிப்பைப் படியாது விடும் நிரல், பிழை நேர்ந்ததை அறியாமலே எண்களை அச்சிட்டுக்கொண்டிருக்கும்.

3. சொல்லில் பொதிந்த எண்

ஆயத்தமான மதிப்புகளைச் சேமித்து வைத்து, வேண்டியபோது எடுத்துக் கணிக்கும் முறை தென்னாட்டிற்குப் புதியதன்று. வாக்கிய முறையில் நிலவின் நிலைகள் 248 வாக்கியங்களாக அமைக்கப்பட்டிருந்தன. 248 நாள் என்பது நிலவு புவிக்கு மிக அண்மையில் வரும் சுற்றுகள் ஒன்பதுக்கு ஏறத்தாழச் சமமாகும். ஆதலின் 248 நாளுக்குரிய மதிப்புகளை மனப்பாடம் செய்த கணியர், அவற்றையே மீண்டும் பயன்படுத்திக் கணித்தனர். 1760களின் இறுதியில் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜான்தீல், தமிழ்க் கணியர் ஒருவரிடம் இக்கணிப்பு முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த நிலவு மறைப்பின் கால அளவில் தமிழ்க் கணிப்பு 41 நொடி குறைந்தும், ஐரோப்பாவில் பெரிதும் மதிக்கப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைக் கணிப்பு 68 நொடி மிகுந்தும் இருந்தமையை அவர் கண்டார்.

இவ்வாக்கியங்களில் எண்கள் கடபயாதி முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டுள்ளன. இம்முறையில் ககர வருக்கத்தின் முதல் நான்கு ஒலிகள் முறையே 1, 2, 3, 4 ஆகிய எண்களைக் குறிக்கும். ஆனால் தமிழ் நெடுங்கணக்கில் இந்நான்கு ஒலிகளுக்கும் 'க' என்னும் ஓர் எழுத்தே உண்டு. ஆகவே வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதினால் எண் மறைந்துபோகும். கிரந்த எழுத்தோ, ஒலிப்பை நன்கறிந்த நினைவோ துணைசெய்தல் வேண்டும். ஒரு குறி நான்கு மதிப்புகளை ஏற்குமாயின் அது எண்ணைச் சுமக்கும் தகுதியை இழந்துவிடுகிறது. எழுத்தளவில் காணப்படும் இவ்வுண்மை, இன்றைய நூலகங்களின் கலைச்சொற்களில் சொல்லளவில் மீண்டும் தோன்றுகிறது.

4. 'மெய்' என்பதன் ஐந்து பொருள்கள்

கோள்நிலைக் கணிப்பில் 'மெய்' என்று பெயர்க்கத்தக்க ஆங்கிலச் சொல் ஒன்று குறைந்தது ஐந்து பொருள்களில் ஆளப்படுகிறது.

முதலாவது, சித்தாந்த நூல்களைச் சார்ந்த பொருள். கோள் சீரான வேகத்தில் செல்வதாகக் கொண்டு பெறும் நிலை மத்தியமம். அதற்குரிய திருத்தங்களைச் செய்து பெறும் நிலை ஸ்புடம். 1860இல் வெளிவந்த பர்ஜஸின் சூரிய சித்தாந்த மொழிபெயர்ப்பு, மத்தியமத்தைச் 'சராசரி' எனவும் ஸ்புடத்தை 'மெய்' எனவும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் குறித்தது. அவ்வழக்கே ஆய்வாளரிடையே நிலைபெற்றது.

இரண்டாவது, வடிவியல் சார்ந்த பொருள். ஒளி வந்தடையும் காலத்தையும் ஒளிப்பிறழ்ச்சியையும் நீக்கி, கோள் அக்கணத்தில் உண்மையில் இருக்கும் இடத்தைக் குறிப்பது.

மூன்றாவது, சமஇரவுப் புள்ளியைச் சார்ந்த பொருள். புவியச்சின் குறுங்கால அலைவையும் சேர்த்துக் கணித்த புள்ளி மெய்ப்புள்ளி. அலைவை நீக்கிக் கணித்தது சராசரிப் புள்ளி. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு 17 விகலையை எட்டலாம்.

நான்காவது, ராகுவைச் சார்ந்த பொருள். நிலவின் பாதை சூரியவீதியை வெட்டும் புள்ளியின் சீரான பின்னோக்கிய நகர்வைக் கொண்டு பெறுவது சராசரி ராகு. அக்கணத்திற்குரிய பாதைத் தளத்தைக் கொண்டு பெறுவது மெய் ராகு. இவை இரண்டும் ஒன்றரைப் பாகை அளவுக்கு விலகி நிற்கக்கூடும்.

ஐந்தாவது, அயனாம்சத்தைச் சார்ந்த பொருள். சித்திரை விண்மீனை எக்காலத்தும் சரியாக 180 பாகையில் நிறுத்தும் அயனாம்சம் 'மெய்ச் சித்திரை' எனப்படுகிறது.

மொழியியல் நோக்கில் இவ்வைந்தும் ஒரு பொதுக் கருத்தின் வகைகள் அல்ல. ஒரு சொல்லின் பொருள் அதன் எதிர்ச்சொல்லால் வரையறுக்கப்படுகிறது. முதலாவது, மூன்றாவது, நான்காவது பொருள்களில் 'மெய்' என்பதற்கு எதிர்ச்சொல் 'சராசரி'. இரண்டாவது பொருளில் எதிர்ச்சொல் 'தோற்றம்'. ஐந்தாவது பொருளிலோ, ஒரு தொடக்க மதிப்பிலிருந்து சூத்திரத்தால் பெறும் அயனாம்சத்திற்கு எதிராக அது நிற்கிறது. தமிழ் இலக்கண மாணவருக்கு இந்நிலை புதியதன்று. 'மெய்' என்னும் சொல் 'பொய்' என்பதன் எதிரில் ஒரு பொருளையும், 'உயிர்' என்பதன் எதிரில் வேறொரு பொருளையும் தருகிறது. எதிர்ச்சொல்லை அறியாதவரை அதன் பொருளை உறுதி செய்ய இயலாது. கணிப்பு நூலகத்தின் விளக்க ஏட்டில் எதிர்ச்சொல் பெரும்பாலும் கூறப்படுவதில்லை; அஃது அறியப்பட்டதாகவே கொள்ளப்படுகிறது.

5. ஒரு பெயர்ப்பின் விளைவு

முதற்பொருளும் இரண்டாம் பொருளும் மயங்கினால் விளைவது யாது என்பதைக் கணக்கிட்டுக் காணலாம். பஞ்சாங்கத்திற்கு வேண்டுவது ஸ்புட நிலை. ஸ்புடத்தின் ஆங்கிலப் பெயர்ப்பு 'மெய்ந்நிலை'. நூலகத்தில் 'மெய்ந்நிலை' என்னும் பெயரிலேயே ஒரு குறிப்பான் உள்ளது. ஆதலின் அதனைத் தேர்வதே முறை எனப் பயனர் கருதுவது இயல்பு. ஆனால் அக்குறிப்பான் சுட்டுவது இரண்டாவது பொருளாகிய வடிவியல் நிலையை. குறிப்பான் எதுவும் இல்லாதபோது நூலகம் அளிக்கும் தோற்ற நிலையே பஞ்சாங்கக் கணிப்புக்கு உரியது.

சூரியனின் ஒளி புவியை அடைய ஏறத்தாழ 8 நிமிடம் 19 நொடி ஆகிறது. இதன் விளைவாகச் சூரியனின் தோற்ற நிலை, வடிவியல் நிலையினும் ஏறத்தாழ 20.5 விகலை பின்தங்கி நிற்கும். சூரியன் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு பாகை நகர்வதாகக் காணப்படுதலின், இவ்விடைவெளியைக் கடக்க அதே 8 நிமிட அளவு வேண்டும். ஆகவே மேற்கூறிய குறிப்பானைத் தவறாகத் தேர்ந்தவரின் பட்டியலில் சங்கராந்திகள் அனைத்தும் 8 நிமிடம் முன்னதாக நிகழும். திதிகளோ ஏறத்தாழ 40 நொடி பிந்தி முடியும்.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயின் தமிழ் மாதத் தொடக்க விதியை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். சூரியன் மறைவதற்கு முன்னர்ச் சங்கராந்தி நிகழுமாயின் அன்றே மாதம் பிறக்கும். மறைந்தபின் நிகழுமாயின் மறுநாள் பிறக்கும். ஓர் ஊரில் ஒரு மாலை 6.15 மணிக்குச் சூரியன் மறைகிறது எனவும், சங்கராந்தி 6.18 மணிக்கு நிகழ்கிறது எனவும் கொள்வோம். வடிவியல் நிலையைக் கொண்டு கணித்தவர் அதனை 6.10 மணிக்கு நிகழ்வதாகக் காண்பார். மாதப்பிறப்பை ஒரு நாள் முன்னதாக அச்சிடுவார். அம்மாதத்தின் எல்லாத் தேதிகளும் ஒன்று தள்ளிப்போகும். விதியும் தரவும் நிரலும் பிழையற்றவை. பிழை ஒரு பெயர்ப்பில் மட்டுமே உள்ளது.

இம்மயக்கத்திற்குத் துணைபுரியும் மற்றொரு பெயர்ப்பு 'தோற்ற நிலை' என்பதாகும். தமிழில் 'தோற்றம்' என்பது பிறப்பையும் வடிவையும் மட்டுமன்றி, உண்மைக்கு மாறான காட்சியையும் குறிக்கும். 'மெய்ந்நிலை', 'தோற்ற நிலை' என இரண்டை எதிரெதிரே வைத்தால், எவரும் முன்னதையே உயர்ந்ததாகக் கொள்வர். ஆனால் பஞ்சாங்க மரபு வேண்டுவது, நோக்குவார் கண்ணுக்குப் புலனாகும் நிலையையே. 'திருக்கணிதம்' என்னும் பெயரே இதற்குச் சான்று. இதன் முற்பகுதி 'புனிதமான' எனப் பொருள்படும் 'திரு' என்னும் அடை அன்று; 'காட்சி' எனப் பொருள்படும் 'த்ருக்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். காட்சியோடு ஒத்துவரும் கணிதம் என்பதே இதன் பொருள். கேரள வானியலார் பரமேசுவரர் 1431இல் இயற்றிய நூலும் இதே பெயரைத் தாங்கியுள்ளது. இம்மரபை ஒட்டிக் 'காட்சிநிலை' எனப் பெயர்ப்பின் தாழ்வுப் பொருள் நீங்குவதோடு, பஞ்சாங்கப் பயனருக்குத் தம் மரபின் சொல்லே வழிகாட்டும். அதன் எதிர்ச்சொல்லை 'வடிவியல் நிலை' என வழங்குவது தகும்.

'ஸ்புடம்' என்னும் சொல்லின் இன்றைய தமிழ் வழக்கும் கருதத்தக்கது. 'தெளிவான' என்னும் அடைமொழிப் பொருளிலிருந்து விலகி, 'கிரக ஸ்புடம்' என்னும் தொடரில் அது கோள் நிற்கும் பாகை அளவையே குறிக்கும் பெயர்ச்சொல்லாகிவிட்டது. ஆகவே இன்றைய சோதிடர் 'ஸ்புடம்' என்பதற்கும் சித்தாந்த நூலார் 'ஸ்புடம்' என்பதற்கும் பொருள் முற்றும் ஒன்றன்று.

6. அயனாம்சம்: சொல்லாமல் விடப்படும் மதிப்பு

பொருள் மயங்கிய சொல்லேயன்றி, சொல்லப்படாத சொல்லும் விடையை மாற்றும். சுவிஸ் எபிமெரிஸிடம் நிராயன நிலை வேண்டும் எனக் கூறி, எவ்வயனாம்சம் எனக் கூறாது விட்டால், அது மேலைநாட்டுச் சோதிடர் சிலர் கையாளும் ஃபேகன்-பிராட்லி அயனாம்சத்தை எடுத்துக்கொள்ளும். 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இது 24 பாகை 44 கலை. இந்தியாவில் பெருவழக்கான லாகிரி அயனாம்சம் 23 பாகை 51 கலை. இடைவெளி 53 கலை. சூரியன் இதனைக் கடக்க 21 மணிக்கும் மேற்பட்ட நேரம் ஆகுமாதலின், சங்கராந்தி ஏறத்தாழ ஒரு நாள் பிந்தும். 'நிராயனம்' என்னும் சொல் தமிழ்ப் பயனருக்கு ஒரே பொருளுடையதாகத் தோன்றுவது, அவர் வாழும் மரபுச் சூழல் அதனை நிரப்பிக்கொள்வதால்தான். நூலகத்திற்கு அச்சூழல் இல்லை.

மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்து 1955இல் அறிக்கை அளித்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச்சு 21ஆம் நாளுக்கு 23 பாகை 15 கலை என அயனாம்சத்தை வரையறுத்தது. குழுவின் செயலாளர் என். சி. லாகிரியின் பெயரால் அது வழங்குகிறது. இவ்வெண் எத்துணைத் தெளிவாகத் தோன்றினும், எந்தச் சமஇரவுப் புள்ளியிலிருந்து அளக்கப்பட்டது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. மெய்ப்புள்ளி எனக் கொள்வதற்கும் சராசரிப் புள்ளி எனக் கொள்வதற்கும் அந்நாளில் ஏறத்தாழ 17 விகலை வேறுபாடு உண்டு. சங்கராந்தியில் அஃது ஏறத்தாழ 7 நிமிடமாகும். முன்னர்க் கூறிய மூன்றாவது பொருள் இங்கே தலைகாட்டுகிறது. அயனாம்ச மதிப்பைத் தமிழில் தருவோர் எண்ணை மட்டும் தராது, அளந்த புள்ளியையும் உடன் தருதல் இன்றியமையாதது.

7. நேரம், நாள், விநாடி, ஆண்டு

காலச் சொற்களில் எழும் மயக்கம் இன்னும் நுண்ணியது. நூலகத்தில் கோள்நிலையைக் கேட்க இரு வாயில்கள் உள. ஒன்று உலகப் பொது நேரத்தை ஏற்கும். மற்றொன்று இயக்கவியல் நேரத்தை ஏற்கும். 2020களில் இவ்விரண்டிற்கும் இடைவெளி ஏறத்தாழ 69 நொடி. இரண்டையும் 'நேரம்' எனப் பொதுவாகப் பெயர்த்தால், நிலவின் நிலை 38 விகலை அளவு தவறும். பண்டைக் காலத்திற்குக் கணிக்குங்கால் இடைவெளி பெருகும், கி.பி. 1000 அளவில் அஃது ஏறத்தாழ 26 நிமிடமாகும்.

அளவுப் பெயர்களில் 'விநாடி' பெரும் இடர் தரவல்லது. பஞ்சாங்க வழக்கில் ஒரு நாள் 60 நாழிகை. ஒரு நாழிகை 60 விநாடி. ஆகவே ஒரு விநாடி என்பது 24 நொடி. இன்றைய பொதுத் தமிழிலோ விநாடி என்பது நொடியையே குறிக்கிறது. மேற்கூறிய இடைவெளியை '69 விநாடி' என எழுதினால், பஞ்சாங்கப் பயிற்சியுடையார் அதனை 27 நிமிடத்திற்கும் மிகுதியாகக் கொள்ள இடமுண்டு. இத்துறை நூல்களில் 'நொடி' என்பதையே ஆள்வது நன்று. மாறாக, கோண அளவுக்குத் தமிழில் பாகை, கலை, விகலை எனத் தனிச்சொற்கள் அமைந்திருப்பது பெரும்பேறு. ஆங்கிலத்தில் கோணத்திற்கும் காலத்திற்கும் ஒரே சொற்கள் வழங்குதலால் நேரும் குழப்பத்தைத் தமிழ் எளிதில் தவிர்க்கிறது.

'நாள்' என்னும் சொல் மூன்று தொடக்கங்களை உடையது. ஆட்சி வழக்கில் நள்ளிரவிலும், பஞ்சாங்க வழக்கில் சூரிய உதயத்திலும், ஜூலியன் எண்ணிக்கையில் உலகப் பொது நேர நண்பகலிலும் நாள் தொடங்கும். இதனால் ஜூலியன் நாள் எண் இந்தியாவில் மாலை 5.30 மணிக்கு மாறும். மேலும் 'ஜூலியன் நாள்' என்பதற்கும் 'ஜூலியன் நாட்காட்டி' என்பதற்கும் தொடர்பு உள்ளது போலத் தோன்றினும், முன்னது இடையறாத நாள் எண்ணிக்கை. பின்னது கிரிகோரி நாட்காட்டிக்கு முற்பட்ட ஆண்டு முறை.

'உதயம்' என்பதும் ஒரு பொருளுடையதன்று. வானியலார் சூரிய வட்டின் மேல்விளிம்பு, காற்றுமண்டல ஒளிவிலகலோடு சேர்த்து, தொடுவானில் தோன்றும் கணத்தை உதயம் என்பர். மரபுவழிக் கணிப்பு வட்டின் நடுவைக் கொண்டு, ஒளிவிலகலை நீக்கிப் பெறப்படும். தமிழகத்தின் அகலாங்குகளில் இவை மூன்றரை நிமிட அளவில் வேறுபடும். சுவிஸ் எபிமெரிஸில் மரபு உதயத்திற்கெனத் தனிக் குறிப்பான் உண்டு.

ஆண்டு எண்ணிலும் ஒரு நுட்பம் உள்ளது. கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18 என வழங்கப்படும். ஆனால் நூலகம் கி.மு. 1ஆம் ஆண்டைச் சுழியம் எனக் கொள்ளும் வானியல் ஆண்டு முறையைப் பின்பற்றுதலின், அவ்வாண்டை -3101 எனத் தருதல் வேண்டும். 'கி.மு.' என்பதைக் கழித்தல் குறியாக மட்டும் பெயர்த்து -3102 எனத் தந்தால், ஓராண்டு பின்சென்ற விடை கிடைக்கும். சூரியனின் நிலையில் பெருமாற்றம் இராது. நிலவின் நிலையோ 130 பாகை அளவு மாறிவிடும். சூரியனை மட்டும் சரிபார்த்தவர் இப்பிழையைக் காணமாட்டார்.

8. 'கோள்' என்னும் சொல்லின் பொருத்தம்

'கோள்' என்பது 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்தது. 'கிரகம்' என்னும் வடசொல்லும் பற்றுதல் என்னும் பொருளடியை உடையது. இவ்விரு சொற்களும் மரபில் ஞாயிறு, திங்கள், ராகு, கேது ஆகியவற்றையும் உள்ளடக்கும். அனைத்துலக வானியல் ஒன்றியம் 2006இல் செய்த வரையறை இவற்றுள் ஒன்றையும் ஏற்காது. புளூட்டோவையும் அவ்வரையறை விலக்கியது. ஆயினும் சுவிஸ் எபிமெரிஸின் எண்வரிசை சூரியனுக்கு 0, சந்திரனுக்கு 1 எனத் தொடங்கி, புளூட்டோவுக்கு 9, சராசரி ராகுவுக்கு 10, மெய் ராகுவுக்கு 11 எனச் செல்கிறது. கேதுவுக்குத் தனி எண் இல்லை. ராகுவின் நிலையோடு 180 பாகை கூட்டிப் பெறுதல் வேண்டும். ஆகவே இந்நூலகத்தைப் பொறுத்தவரை, அறிவியல் பாடநூல் கூறும் 'கோள்' அன்று, மரபு கூறும் 'கோள்' என்பதே பொருத்தமான பெயர்ப்பாகும். ஒரே சொல்லுக்குத் துறைதோறும் பொருளெல்லை வேறு என்பதை மொழிபெயர்ப்பாளர் முன்னுரையிலேயே கூறிவிடுதல் நலம்.

9. 'துல்லியம்' எதனைக் குறிக்கும்?

இறுதியாக ஆராயத்தக்கது 'துல்லியம்' என்னும் சொல். நூலகம் விடையைப் பல பதின்ம இடங்களுக்குத் தருகிறது. அஃது எண்ணின் நுட்பமேயன்றி, பயனரின் நோக்கத்திற்குப் பொருந்தும் துல்லியம் ஆகாது. 2023இல் சனி கும்பத்தில் நுழைந்ததாகத் திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் குறித்த நாள் ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கங்கள் குறித்த நாள் டிசம்பர் 20. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா டிசம்பர் 20ஆம் நாளன்றே நடைபெற்றது. அந்நாளில், லாகிரி அயனாம்சத்தின்படி, சனி கும்பத்தில் ஏறத்தாழ 8 பாகை கடந்திருந்தது. நூலகத்தின் எவ்வயனாம்சக் குறிப்பானை மாற்றியும் வாக்கிய நாளைப் பெற முயல்வது முறையன்று. அயனாம்சத்தை 8 பாகை மாற்றினால் சனி பொருந்தும். ஞாயிறும் திங்களும் பொருந்தாமற் போகும். வாக்கிய விடை வேறொரு கணிப்பு நெறியின் விளைவு. அதனைப் பெற அந்நெறியின் நிரலையே எழுதுதல் வேண்டும்.

கல்வெட்டாய்வுக்கும் இது பொருந்தும். கல்வெட்டில் குறிக்கப்பட்ட திதியும் நட்சத்திரமும் அக்காலக் கணியர் தம் சித்தாந்தப்படி கணித்தவை. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிடத் தொடங்கிய இந்திய எபிமெரிஸ் என்னும் அட்டவணைத் தொகுதி இத்தகைய காலக்கணிப்புக்கென அமைந்தது. இன்றைய நூலகம் வானில் நிகழ்ந்ததைச் சொல்லும். கல்லில் எழுதியவர் கணித்ததைச் சொல்லாது. திதி முடிவு சூரிய உதயத்தை ஒட்டி அமையும் நாள்களில் இவ்விரண்டும் ஒரு நாள் வேறுபட்டு நிற்கலாம். அவ்விடத்துக் கல்வெட்டைப் பிழையுடையது என முடிவு செய்தல் பொருந்தாது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினின்றும் கலைச்சொல் தேர்வுக்குரிய சில நெறிகள் பெறப்படுகின்றன.

(அ) சொல்லை அதன் எதிர்ச்சொல்லோடு சேர்த்தே பெயர்த்தல் வேண்டும். காட்சிநிலை - வடிவியல் நிலை, மெய்ச் சமஇரவுப் புள்ளி - சராசரிச் சமஇரவுப் புள்ளி, ஸ்புடம் - மத்தியமம் என இணைகளாக அகராதியில் இடம்பெறின் மயக்கம் குறையும்.

(ஆ) 'மெய்' என்னும் சொல்லைத் தனித்து ஆளாது, எதன் மெய் என்பதைச் சேர்த்தே ஆளுதல் வேண்டும்.

(இ) மரபுச் சொல் இன்றைய கருத்தோடு முழுதும் பொருந்தும் இடத்தில் மட்டும் அதனை ஆளலாம். பொருந்தாத இடத்தில் புதுச்சொல்லே ஏற்றது.

(ஈ) அலகும், அளவைத் தொடங்கிய புள்ளியும் இன்றி எண்ணைத் தருதல் கூடாது.

(உ) நூலகம் தானாகவே கொள்ளும் மதிப்புகளை விளக்க ஏட்டின் தமிழ்ப் பெயர்ப்பில் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

மொழிபெயர்ப்பில் நேரும் பொருட்பிழை பெரும்பாலும் படிப்போரின் ஊகத்தால் ஈடுசெய்யப்பட்டுவிடுகிறது. கணிப்பொறி ஊகிப்பதில்லை, கேட்ட வினாவுக்கே விடை தருகிறது. வாக்கியங்களை மனப்பாடம் செய்த கணியர், ககரத்தின் எவ்வொலி எவ்வெண்ணைக் குறிக்கும் என்பதை ஆசிரியர் வாய்மொழியால் கற்றனர். அவ்வாய்மொழி செய்த பணியை இன்று நூலகத்தின் தமிழ் விளக்க ஏடே செய்தாக வேண்டியுள்ளது. ஆதலின் அதனை எழுதுவோருக்கு வானியல் அறிவோடு சொற்பொருளியல் பயிற்சியும் ஒருசேர வேண்டும்.